சில்லு எந்த ஊர்?

போன இதழில் வாக்குப்பதிவு இயந்திரம் பற்றிய ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதினேன். இந்த மாதம் வந்த தபால் கட்டில் பாதிக்கு மேல் அதே பேச்சு. வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குப்பை கொட்டித் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். மின்னணுவியல் படித்தவன் இல்லை. வாக்குப்பெட்டிக்கு அரக்கு உருக்கி விரலைச் சுட்டுக்கொண்ட காலத்திலிருந்து, இயந்திரத்தின் பீப் ஓசை தூக்கத்திலும் கேட்ட காலம் வரை தேர்தல் வேலை பார்த்திருக்கிறேன், தகுதி அவ்வளவுதான். இருந்தும் கேட்டுவிட்டீர்கள். பட்டா மாறுதல், பாகப்பிரிவினைக் கேள்விகள் அடுத்த மாதம் வரை பொறுத்திருக்கட்டும்.

கே: வாக்குப்பதிவு இயந்திரம் முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு என்கிறார்கள். உள்ளே இருக்கும் சில்லு (சிப்) வெளிநாட்டுச் சரக்கு என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

இரண்டையும் நம்பலாம். உங்கள் வீட்டு அடுப்படியில் பெருங்காய டப்பா இருக்கும், எடுத்துப் பாருங்கள் அம்மா. நம் ஊர்க் கம்பெனி, நம் ஊர்ப் பெயர். உள்ளே இருக்கும் பிசின் ஆப்கானிஸ்தானிலிருந்தோ ஈரானிலிருந்தோ வருகிறது. அதோடு மாவும் கோந்தும் சேர்த்து இங்கே கட்டியாக்குகிறார்கள். எடை போட்டால் பெரும்பங்கு உள்நாடு. மணம் மட்டும் காபூல்.

இயந்திரத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். வடிவமைப்பது, மென்பொருள் எழுதுவது, பலகையில் பாகங்களைப் பொருத்திப் பெட்டியை மூடுவது எல்லாம் இரண்டே இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள். ஒன்று, பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் உள்ள பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ். மற்றது, அணுசக்தித் துறையின்கீழ் உள்ள ஹைதராபாத் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன். ஆனால் மூளையாக இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் சில்லு இறக்குமதி. 2019-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டவருக்கு, என்எக்ஸ்பி என்ற பன்னாட்டு நிறுவனத்தின் சில்லு என்று பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பதில் தந்தது. அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

பழைய தலைமுறை இயந்திரங்களில் இன்னொரு சங்கதி இருந்தது. நம் பொறியாளர்கள் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றி, சில்லு செய்யும் வெளிநாட்டு நிறுவனத்திடமே கொடுத்து அதற்குள் எழுதி வாங்கினார்கள். மாவரைக்கக் கொடுத்த அரிசி மாதிரி, திரும்பி வந்தது நம்முடையதுதானா என்று சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2013-க்குப் பிந்தைய எம்-3 வகையில் இந்த வேலை நம் தொழிற்சாலைக்குள்ளேயே, கைரேகை வைத்து நுழையும் அறையில், குறிப்பிட்ட சில பொறியாளர்களால் மட்டும் செய்யப்படுகிறது என்று தேர்தல் ஆணையம் சொல்கிறது. என் கணக்கில், சில்லு எந்த நாட்டில் பிறந்தது என்பதைவிட இந்த மாற்றம் பெரியது.

நாமே சில்லு செய்யக்கூடாதா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். மொகாலியில் அரசுக்கு ஒரு சில்லு ஆலை உண்டு. 1989 பிப்ரவரியில் அது தீப்பிடித்து எரிந்தது. அடுத்த மாதம், மார்ச் 15 அன்று, வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு இடம் கொடுக்கும் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இயந்திரம் பிறந்த நேரத்தில் தாய்வீடு எரிந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆலை பின்னர் மீண்டு வந்து இன்று விண்வெளித் துறைக்குச் சில்லு செய்கிறது.

அரசு கொள்முதலில் உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை தரும் ஆணை 2017-ல் வந்தது. 2020-ல் அதைத் திருத்தி, உள்நாட்டுப் பங்கு 50 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் முதல் வகுப்பு, 20-லிருந்து 50-க்குள் இருந்தால் இரண்டாம் வகுப்பு என்று பிரித்தார்கள். பொதுவாக எல்லாப் பொருளுக்குமான அளவுகோல் அது. விலையை வைத்துப் போடும் கணக்கு. விலையில் பெட்டி, பொத்தான், கம்பி, கூலி எல்லாம் சேர்ந்து சில்லை எளிதாக அமுக்கிவிடும். பெருங்காயத்தை எடையால் அளப்பது போலத்தான்.

கே: திருச்சி பெல்லில் இத்தனை ஆயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள். வாக்குப்பதிவு இயந்திரம் செய்யும் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லையே?
– வாசகர், திருவெறும்பூர்

பார்க்கவும் முடியாது ஐயா. உங்கள் ஊர் பெல், கொதிகலன் செய்யும் பாரத் ஹெவி எலெக்ட்ரிக்கல்ஸ். இது பெங்களூரு பெல், பாரத் எலெக்ட்ரானிக்ஸ். ஆங்கிலத்தில் நடுவே ஓர் எழுத்துதான் கூடுதல், நம் வாயில் இரண்டும் ஒரே மணி.

கே: மிக்சிக்கும் குக்கருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது. வாக்குப்பதிவு இயந்திரத்துக்குத் தரச்சான்று கொடுப்பது யார்?
– இல்லத்தரசி, ஈரோடு

நல்ல கேள்வி. மேடையில் பேசுகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தும் விதிகளில் 49-ஏ என்று ஒரு விதி உண்டு. இயந்திரத்தில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியும் ஒரு வாக்களிக்கும் கருவியும் இருக்க வேண்டும், அதன் வடிவமைப்பு தேர்தல் ஆணையத்தின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. யார் செய்ய வேண்டும், எத்தனை விழுக்காடு உள்நாட்டுப் பொருள் வேண்டும், எந்தச் சோதனைக்கூடம் சான்று தர வேண்டும் என்பதெல்லாம் அந்த விதியில் கிடையாது. மற்றவை எல்லாம் ஆணையத்தின் நிர்வாக முடிவுகள்.

அந்த முடிவுகளின்படி, ஐஐடி பேராசிரியர்கள் அடங்கிய தொழில்நுட்ப வல்லுநர் குழு வடிவமைப்பைப் பார்க்கிறது. 2006-ல் அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னை ஐஐடியின் முன்னாள் இயக்குநர் பி.வி. இந்திரேசன். வாக்களிக்கும் கருவிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இடையே போகும் சமிக்ஞையைச் சங்கேதமாக்க வேண்டும், ஒவ்வொரு பொத்தான் அழுத்தலும் நேரத்தோடு பதிவாக வேண்டும் என்பவை அந்தக் குழு சொன்ன திருத்தங்கள். பிறகு, மின்னணு அமைச்சகத்தின்கீழ் உள்ள எஸ்டிக்யூசி என்ற தரச்சான்று இயக்ககம் மூன்றாம் தரப்பாகச் சோதித்துச் சான்று தருகிறது. மூன்றாம் தரப்பு என்றாலும் அதுவும் அரசுதான். செய்வது அரசு, வாங்குவது அரசுப் பணத்தில், சோதிப்பதும் அரசு. எழுதும்போதே எனக்கு நெருடுகிறது. மூல நிரலைத் தனியாகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று வந்த பொதுநல வழக்கை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

இவையெல்லாம் மாதிரி வடிவத்துக்கான சான்று. உங்கள் வாக்குச்சாவடிக்கு வரும் அந்த ஒரு பெட்டிக்கு? அதற்குத்தான் முதல்நிலைச் சரிபார்ப்பு. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் மாவட்டத்தில் அது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் கிடங்கில் நடந்தது. நிலக்கடலை வாசனை போகாத தரை. வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே நீள மேசைகள், தலைக்கு மேலே கேமரா. தயாரித்த நிறுவனத்திலிருந்து வந்த இளம் பொறியாளர்கள் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, பொத்தான் ஒவ்வொன்றையும் அழுத்தி, எண்ணிக்கை சரியா என்று பார்ப்பார்கள். அதன்பின் ஐந்து விழுக்காடு இயந்திரங்களைக் கட்சிக்காரர்களே பொறுக்கி எடுக்கலாம். ஒரு விழுக்காட்டில் 1,200 வாக்கு, இரண்டு விழுக்காட்டில் 1,000, இன்னும் இரண்டில் 500 என்று மாதிரி வாக்குப்பதிவு. ஆயிரத்து இருநூறு முறை பொத்தானை அழுத்திப் பாருங்கள், கட்டைவிரல் தனியாகப் பேசும். எல்லாம் முடிந்த பிறகு கட்டுப்பாட்டுக் கருவியின் உறை இனிமேல் திறக்கப்படாதபடி ஓர் இளஞ்சிவப்புக் காகித முத்திரை ஒட்டுவார்கள். நாசிக் செக்யூரிட்டி பிரஸ்ஸில், ரூபாய் நோட்டு ஊரில் அச்சானது. ஒவ்வொரு முத்திரைக்கும் தனி எண். பொறியாளர் கையெழுத்துக்குப் பக்கத்தில் கட்சிப் பிரதிநிதியின் கையெழுத்து.

அந்த இடம்தான் பெரும்பாலும் காலியாக இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கி, முதல் நாள் போனும் செய்தோம். பத்து நாள் நடந்த வேலைக்கு முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் இரண்டு பேர். அதில் ஒருவர் பதினோரு மணிக்கு என்னிடம் வந்து, "சார், டிபன் ஏற்பாடு உண்டா?" என்றார். இல்லை என்றதும் வெளியே போனவர் திரும்பவில்லை. வாக்கு எண்ணும் நாளில் அதே கட்சிக்காரர்கள்தான் இயந்திரத்தில் மோசடி என்று வாசலில் கோஷம் போட்டார்கள். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். இந்த விஷயத்தில் எல்லாரும் ஒரே கூட்டணி.

கே: இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தது எழுத்தாளர் சுஜாதா என்று என் கணவர் அடித்துச் சொல்கிறார். பந்தயம் கட்டியிருக்கிறோம்.
– வாசகி, கும்பகோணம்

பந்தயப் பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த எஸ். ரங்கராஜன், அதாவது சுஜாதா, அந்த நிறுவனத்தில் இயந்திரம் உருவானபோது அதை மேற்பார்வையிட்டவர். அதற்காக விருதும் பெற்றவர். ஆனால் தனியொருவர் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. 1977-ல் தேர்தல் ஆணையம் யோசனையைக் கிளப்பியது. 1979-ல் ஹைதராபாத் நிறுவனம் ஒரு முன்மாதிரி செய்தது. 1980 ஆகஸ்டில் அரசியல் கட்சிகளுக்குக் காட்டினார்கள். 1981-ல் பெங்களூரு நிறுவனம் நாங்களும் செய்கிறோம் என்று வந்தது. பெட்டியின் புறவடிவம், அந்தச் சரிவான முகப்பு, மும்பை ஐஐடியின் தொழில் வடிவமைப்பு மையத்துக்காரர்கள் செய்தது. பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் சின்னத்தைப் பார்த்து, பக்கத்திலேயே இருக்கும் பொத்தானை அழுத்திவிட்டு வருகிறாள் என்றால், சில்லைவிட அந்தப் பெட்டிக்கு அதில் பங்கு அதிகம்.

கே: போன இதழில், 64 வேட்பாளர்களுக்கு மேல் போனால் இயந்திரம் கைவிரித்துவிடும், வாக்குச்சீட்டுதான் என்று எழுதியிருந்தீர்கள். ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றார்களே, மறந்துவிட்டதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

மறந்துவிட்டது. குட்டு வாங்கிக்கொள்கிறேன். நான் பழகிய பழைய இயந்திரத்தில் ஒரு கருவிக்கு 16 பொத்தான், நான்கு கருவிகள் வரை இணைக்கலாம், ஆக 64. எம்-3 வகையில் 24 கருவிகள் வரை இணைக்கலாம், நோட்டாவையும் சேர்த்து 384 பெயர். 2023-ல் ஈரோடு கிழக்கில் 77 பேரும் நோட்டாவும் சேர்ந்து 78. ஐந்து கருவிகளை வரிசையாக வைத்தார்கள். 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாதில் 185 பேர் நின்றபோது பன்னிரண்டு.

உங்கள் மாவட்டத்துக்காரர்கள் இதில் தேர்ந்தவர்கள். 1996-ல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்டக் கூட்டம் கூட்டமாக வேட்புமனு போட்டு, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடிக்க வேண்டியிருந்தது. 384 பொத்தான் இயந்திரமும் அன்றைக்கு உதவியிருக்காது.

கே: அவ்வளவு ஆண்டுகள் சோதனை செய்துதானே இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள்? முதல் தேர்தலிலேயே நீதிமன்றம் ரத்து செய்ததாக எங்கோ படித்தேன்.
– சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

படித்தது சரி. கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதி, 1982 மே 19. ஐம்பது வாக்குச்சாவடிகளில் இயந்திரம், மீதியில் சீட்டு. இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை 123 வாக்கில் காங்கிரஸின் ஏ.சி. ஜோஸை வென்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், தேர்தலுக்கு முன் இயந்திரமே வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் போனவர் சிவன் பிள்ளை. வழக்கு தள்ளுபடியானது, அதே இயந்திரத்தில் அவர் ஜெயித்தார். இப்போது வழக்கு போடும் முறை ஜோஸுக்கு வந்தது.

1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இயந்திரம் நல்லதா கெட்டதா என்பது அங்கே முடிவைத் தீர்மானிக்கவில்லை. அன்றைய சட்டம் வாக்குச்சீட்டு, வாக்குப்பெட்டி என்றுதான் பேசியது. இயந்திரம் என்ற சொல்லே அதில் கிடையாது. சட்டத்தில் இல்லாததைத் தேர்தல் ஆணையம் தன் ஆணையால் நுழைக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஐம்பது சாவடிகளில் சீட்டு வைத்து மறுவாக்குப்பதிவு நடந்தது. ஜோஸ் ஜெயித்தார்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது 1988 டிசம்பரில்தான். நம் மாநிலத்தில் 2001 சட்டமன்றத் தேர்தல் முழுக்க இயந்திரத்தில் நடந்தபோது, அதை எதிர்த்து அதிமுக சென்னை உயர் நீதிமன்றம் போனது. அது எடுபடவில்லை. தேர்தலில் அதிமுகதான் ஆட்சியைப் பிடித்தது. சிவன் பிள்ளையின் ராசி.

கே: டெண்டர் விட்டுத் தனியாரிடம் வாங்கினால் விலை குறையுமே?
– சிறுதொழில் முனைவோர், கோவை

ஆணையம் தந்திருக்கும் கணக்கில் வாக்களிக்கும் கருவி 7,991 ரூபாய், கட்டுப்பாட்டுக் கருவி 9,812, போட்ட வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் 16,132. மூன்றும் சேர்ந்து 33,935. உங்கள் ஊரில் ஒரு நல்ல செல்போன் அதைவிட விலை அதிகம். இதில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

அரசு நிறுவனம் என்பதே போதுமான காப்பு என்று நான் சொல்லமாட்டேன். பாரத் எலெக்ட்ரானிக்ஸின் இயக்குநர் குழுவில் ஆளுங்கட்சியோடு தொடர்புள்ளவர்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, முன்னாள் மத்திய அரசுச் செயலர் இ.ஏ.எஸ். சர்மா 2024 தொடக்கத்தில் தேர்தல் ஆணையத்துக்கு எழுதினார். நியாயமான கவலை. தொழிற்சாலை நம் நாட்டில் இருப்பது ஒன்று, நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது வேறொன்று.

கே: என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே இன்னும் காகிதத்தில்தான் குத்துகிறார்களாம். அங்கே தரச்சான்று, உள்நாட்டுச் சரக்கு விதிகள் எப்படி?
– வாசகர், நாமக்கல்

உங்கள் மகன் சொல்வது பெரும்பாலும் சரி. அங்கே பல இடங்களில் வாக்காளர் காகிதத்தில் குறியிடுகிறார், இயந்திரம் அதை வருடிப் படித்து எண்ணுகிறது. 2000 அதிபர் தேர்தலில் புளோரிடாவில் ஓட்டு எண்ணத் துளையிட்ட அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்களே, அந்த அவமானத்துக்குப் பிறகு 2002-ல் ஒரு சட்டம் போட்டு, தேர்தல் உதவி ஆணையம் என்று ஒன்றை அமைத்தார்கள். அது தர வழிகாட்டி வெளியிடுகிறது; இரண்டாம் பதிப்பு 2021 பிப்ரவரியில் ஏற்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடங்கள் இயந்திரத்தைச் சோதிக்கின்றன. ஆனால் அந்த வழிகாட்டி தன்விருப்பமானது. ஏற்பதா, கூடுதலாக ஏதாவது கேட்பதா என்பது ஒவ்வொரு மாநிலத்தின் பாடு. சோதனைக்கான கூலியைக் கட்டுவது இயந்திரம் செய்யும் கம்பெனி. பரீட்சைத் தாள் திருத்துகிறவருக்கு மாணவன் வீட்டிலிருந்து சம்பளம் போகிற மாதிரி.

அங்கே செய்பவர்கள் தனியார். 2020 ஜனவரியில் மூன்று பெரிய கம்பெனிகளின் தலைவர்களை நாடாளுமன்றக் குழு ஒன்று கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டது. சீனாவில் செய்த பாகங்கள் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டார்கள். உள்நாட்டில் கிடைத்தால் வாங்கமாட்டோமா என்ற தொனியில் பதில். அரிசோனா மாநிலச் சட்டமன்றம் 2023-ல், பாகம் அத்தனையும் அமெரிக்காவிலேயே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் அதை ரத்து அதிகாரத்தால் நிறுத்திவிட்டார். அது நடைமுறைக்கு வந்திருந்தால் அந்த மாநிலத்தில் பயன்படுத்த இயந்திரமே மிஞ்சியிருக்காது. பெருங்காயம் இல்லாமல் சாம்பார் வைக்கலாம். சட்டம் போட்டுப் பெருங்காயச் செடியை முளைக்க வைக்க முடியாது.

இதை மறுபக்கத்திலிருந்தும் பாருங்கள். ஆப்பிரிக்காவில் நமீபியா 2014-ல் பொதுத்தேர்தலை நம் பெங்களூரு இயந்திரத்தில் நடத்தியது. நமக்கு அது உள்நாட்டுத் தயாரிப்பு. அவர்களுக்கு அது கப்பலில் வந்த அந்நியப் பெட்டி. காகிதச் சாட்சி இல்லாமல் அதைப் பயன்படுத்தியது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2020 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. இயந்திரம் எங்கே செய்யப்பட்டது என்பதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் தொங்கவில்லை. எனக்குப் பிடித்த தீர்ப்பு.

கே: 2024-ல் எங்கள் விருதுநகரில் தோற்ற வேட்பாளர் இயந்திரத்தின் நினைவகத்தைச் சோதிக்கப் பணம் கட்டியதாகச் செய்தி வந்தது. அது என்ன சோதனை?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

அந்தத் தேர்தலில் உங்கள் தொகுதியில் வித்தியாசம் 4,379 வாக்கு. வாக்கு எண்ணிக்கைக்குச் சில வாரங்களுக்கு முன், 2024 ஏப்ரல் 26 அன்று, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா இருவரும் ஒரு தீர்ப்பு அளித்தார்கள். விவிபாட் சீட்டுகள் அத்தனையையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை நிராகரித்தார்கள். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடி என்ற 2019 ஏற்பாடே தொடர்கிறது. அதோடு புதிதாக ஒரு கதவையும் திறந்தார்கள். இரண்டாவது, மூன்றாவது இடத்தில் வந்தவர்கள் முடிவு வந்த ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுத்தால், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து விழுக்காடு இயந்திரங்களின் சில்லில் எழுதப்பட்டிருப்பதைச் சோதிக்கலாம். மோசடி நிரூபணமானால் கட்டிய பணம் திரும்பி வரும். ஆணையம் அப்போது வைத்த கட்டணம், மூன்று கருவிகளும் சேர்ந்த ஒரு தொகுப்புக்கு 40,000 ரூபாய், 18 விழுக்காடு ஜிஎஸ்டியோடு 47,200. இயந்திரத்தின் விலையைவிட அதைச் சோதிக்க அதிகமாக இருந்தது. உங்கள் விருதுநகரிலிருந்தும் வேலூரிலிருந்தும் மனு போனது.

நடந்தது என்னவென்றால், ஆணையம் வகுத்த நடைமுறையில் சோதனை என்பது மறுபடியும் ஒரு மாதிரி வாக்குப்பதிவாகச் சுருங்கிவிட்டது. நாங்கள் கேட்டது சில்லுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க, நீங்கள் பொத்தானை அழுத்திக் காட்டுகிறீர்களே என்று மனுதாரர்கள் திரும்பவும் உச்ச நீதிமன்றம் போனார்கள். இருக்கிற தரவை அழிக்காதீர்கள், புதிதாக ஏற்றாதீர்கள் என்று 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்னது.

இதில் என் மனத்தாங்கல் வேறு. தீர்ப்பின்படி, சோதிக்கப் போவது இயந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்களே. அந்தப் பையன்களை எனக்குத் தெரியும்; நேர்மையாக, தலை நிமிராமல் வேலை செய்கிறவர்கள். ஆனால் நான் கிராமக் கணக்கு பார்த்த காலத்தில், கணக்கு எழுதிய கிராம நிர்வாக அலுவலரையே அந்தக் கணக்கைத் தணிக்கை செய்ய விட்டதில்லை. நல்லவராக இருந்தாலும் விட்டதில்லை. ஜமாபந்திக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்தார். ஒரு கிராமத்து அடங்கலுக்கு இருந்த அந்த மரியாதை இயந்திரத்துக்கும் வேண்டும். சில்லு ஜப்பானில் பிறந்தாலும் ஜோலார்பேட்டையில் பிறந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

கே: விவிபாட் சீட்டு ஏழு நொடிதான் தெரிகிறது. என் மாமியார் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் விழுந்துவிட்டது.
– வாசகி, தஞ்சாவூர்

அடுத்த முறை கண்ணாடியை மாட்டிக்கொண்டே வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரரின் தட்டை எட்டிப் பார்க்க ஏழு நொடி அவர்களுக்கு எப்போதும் போதும்.

கே: வருகிற தேர்தலில் முதல்நிலைச் சரிபார்ப்புக்கு எங்கள் கட்சி என்னை அனுப்பப் போகிறது. எனக்கு மின்னணுவியல் தெரியாது. போய் என்ன பார்ப்பது?
– ஆட்டோ ஓட்டுநர், திண்டுக்கல்

தம்பி, இந்த மாதம் வந்ததில் எனக்குப் பிடித்த கடிதம் உங்களுடையது. உங்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டாம். எண் எழுதத் தெரிய வேண்டும். மீட்டர் பார்த்துப் பழகிய ஆள் நீங்கள்.

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். சரிபார்த்து முடித்த இயந்திரங்களின் வரிசை எண் பட்டியலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. இளஞ்சிவப்பு முத்திரையின் எண்ணை இயந்திர எண்ணுக்கு எதிரே எழுதிக்கொள்ளுங்கள். மாதிரி வாக்குப்பதிவுக்கு இயந்திரம் பொறுக்கச் சொல்லும்போது, மேசைக்குப் பக்கத்தில் தயாராக இருப்பதை எடுக்காதீர்கள். அடுக்கின் அடியிலிருந்து, மூலையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். தூக்குகிறவர்கள் முனகுவார்கள், முனகட்டும். 1,200 வாக்கையும் உங்கள் கையால் போடுங்கள். போடும்போதே எந்தப் பொத்தானுக்கு எத்தனை என்று கோடு கிழித்து வையுங்கள். கடைசியில் இயந்திரம் சொல்லும் கணக்கும் உங்கள் கோடும் ஒத்துப்போக வேண்டும். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாதீர்கள், எண்ணிக்கை தவறிவிடும். எனக்குத் தவறியிருக்கிறது.

வாக்குப்பதிவு நாளில் உங்கள் சாவடி முகவர், தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும். ஐம்பது மாதிரி வாக்குகள் போட்ட பிறகு இயந்திரத்தைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்புகிறார்களா, விவிபாட் பெட்டியிலிருந்து மாதிரிச் சீட்டுகளை எடுத்துக் கறுப்பு உறையில் போட்டு முத்திரை வைக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதை மறந்துபோன சாவடிகளால்தான் எண்ணும் நாளில் கலவரமே வரும். மாலையில் 17-சி படிவத்தின் நகலை வாங்காமல் இடத்தைவிட்டு எழக்கூடாது. பதிவான மொத்த வாக்கு எத்தனை என்று அதில் இருக்கும். உங்கள் நோட்டில் இருக்கும் இயந்திர எண்ணும் சாவடிக்கு வந்த இயந்திர எண்ணும் ஒன்றா என்று அன்றைக்கே ஒத்துப் பாருங்கள்.

டிபன் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். பேனாவும் உங்களுடையதாக இருக்கட்டும். நான் இருந்த கிடங்கில் அந்த மேசைக்கு ஒரே ஒரு பேனாதான் இருந்தது, பொறியாளருடையது. கையெழுத்து போட்ட கையோடு திருப்பிக் கேட்டுவிட்டார்.